பின்பக்கம் பேர் வெட்டிய மெஷின்

ஜூன் 1, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஜெசிந்தா இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊரான திண்டுக்கல்லிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். நல்ல சேதிதான். ஆனால் கேட்டவுடன் எனக்கு வந்த முதல் நினைப்பு, இனிமேல் என் போர்வையை யார் பிழிவார்கள் என்பது. நான் அவ்வளவு நல்லவள்.

என் வலது மணிக்கட்டு பிழியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து முறிந்த கை. எலும்பு சேர்ந்துவிட்டது, முறுக்கினால் மட்டும் உயிர் போகும். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்க இந்தக் கை போதும். ஈரப் போர்வைக்குப் போதாது. இந்த லைன் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் ஜெசிந்தாதான் பிழிந்து கொடுக்கிறாள்.

"வாசிங் மெஷின் ஒண்ணு வாங்கிருங்கக்கா" என்றாள். "புதுசுதான் வேணும்னு என்ன இருக்கு? செகண்ட் ஹேண்ட்ல நல்லதாப் பாருங்க."

எனக்கு வயிறு எரிந்தது. என் மெஷின் ஒன்று இதே திருப்பூரில், நாலு பஸ் ஸ்டாப் தள்ளி, துளசிமணி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. துளசிமணி என் மாமியாராக இருந்தவர். அவர் மகன் யோகராஜ் என் புருஷனாக இருந்தவர். கோர்ட்டில் போன வருடமே எல்லாம் தீர்ந்தது. எனக்குத் தீரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனி விட்டதும் பழைய மெஷின் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றன. "கண்ணை மூடிட்டு எடுக்கலாம் மேடம்" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொள்வதற்கா எனக்குக் கம்பெனியில் சம்பளம் கொடுக்கிறார்கள்? மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு ஆட்டினேன். தொட்டி கடகடவென்று ஆடியது. குனிந்து அடியில் பார்த்தால் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். கடையில் குழாய் இல்லையாம்.

"கண்ணுல பாத்தாலே தெரியுமே மேடம், இவ்வளவு சோதிக்கணுமா?"

"தானமாக் கொடுத்த மாட்டைத்தானுங்க பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாது. இது காசு கொடுத்து வாங்கற மாடு."

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஜூன் 5, வியாழன்

ஒரு சேலையைத் தரையில் போட்டு மிதித்தே துவைத்தேன். பிழியாமல் கொடியில் போட்டேன். ஹவுஸ் ஓனர் அம்மா, வாசலெல்லாம் சொட்டுகிறது என்று சத்தம் போட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் சொல்லி சிராஜ் பாய் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு ஷெட். உள்ளே பிரித்துப்போட்ட மோட்டார்களும் பெல்ட்டுகளும்தான் கிடக்கின்றன. அவர் மெஷின்களை வாங்கி அடுக்கி வைப்பதில்லை. விற்கிறவர் வீட்டுக்கே நம்மைக் கூட்டிப்போய், ஓட்டிக் காட்டி, பிடித்திருந்தால் தன் டெம்போவிலேயே ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

"காலி மெஷின் எல்லாமே நல்லாத்தாம்மா ஓடும்" என்றார். "ஈரத்துணி போட்டு ஓட்டிப் பாக்காம எதையும் எடுத்துராதீங்க. அப்புறம் கண்டிப்பாத் திருப்பி நிறுத்திப் பாக்கணும். மூஞ்சிய எல்லாரும் தொடைச்சு வெப்பாங்க, முதுகை எவனும் தொடைக்க மாட்டான். நம்மூரு போர் தண்ணி உப்பு மொதல்ல முதுகைத்தான் தின்னும்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஃபோட்டோ வந்தால் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தேன். பேனாவை இடது கையில் பிடித்து எழுதியதைப் பார்த்து, கைக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டார். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்றேன்.

ஜூன் 14, சனி

இன்று சிராஜ் பாய் ஒரு ஃபோட்டோ அனுப்பினார். கீழே, "ஒரே கை ஓட்டின மெஷின்மா. நல்ல கண்டிசன்" என்று எழுதியிருந்தார்.

பின்கட்டு நீல டைல்ஸ். ஓரத்தில் ஓட்டை வாளி. மெஷின் மூடியின் மேல் அரைவட்டமாகக் கருகிய தழும்பு. சூடான குக்கரை நான் அவசரத்தில் வைத்த இடம் அது. அதற்குத் துளசிமணி ஒரு வாரம் பேசினார்.

ஒரே கைதான். அது என் கை.

கம்பெனியில் இன்று ஒரே ரகளை. ஓட்டை இருந்த நாற்பது பனியனை நல்லதென்று பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் வாயில் வந்தபடி திட்டினார். காதில் விழவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

எழுதித் தொலைத்தால்தான் ஆறும்.

அந்த மெஷின் எங்கள் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. சென்னிமலையில் எங்கள் வீட்டு வாசலில் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பிவைத்து, பேர் வெட்டுகிறவரை வரவழைத்திருந்தார். அண்டாவிலிருந்து கரண்டி வரை எல்லாவற்றிலும் வெட்டியாயிற்று. அதற்குள் டவுனிலிருந்து மெஷின் வந்து இறங்கியது. "சீர்ல வர்ற எந்தச் சாமானும் பேரில்லாமப் போகக் கூடாது, இதுலயும் வெட்டிருங்க" என்றார் அப்பா. கொண்டுவந்த கடைப் பையன் பதறினான், பெயிண்ட் போய்விடும், துரு ஏறும் என்று. அப்பா கேட்கவில்லை. முன்னால் வேண்டாம் என்று நான் அழாத குறையாகச் சொன்னதால் பின்பக்கம் வெட்டினார்கள். தகரத்தில் புள்ளி புள்ளியாக: செ.ரேணுகாதேவி, சென்னிமலை. மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் சிரிப்பார்களே என்று எனக்கு மானம் போயிற்று. நல்லவேளை, அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், பிரிந்துபோக விடுதலைப் பத்திரம் பேச இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்தபோது நான் கையில் கட்டோடு வெளியே காரில் இருந்தேன். நகையைக் கொடுத்துவிட்டார்கள். கட்டில், பீரோ, மெஷின் மூன்றும் நாங்கள் வாங்கியது என்று துளசிமணி சாமி படத்தைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். அப்பா வெளியே வந்து, "மெஷின் கெடக்குது அம்மிணி, நீ வந்ததே போதும்" என்றார்.

எனக்குப் போதாது. அப்போதும் போதவில்லை, இப்போதும் போதவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சிராஜ் பாய்க்கு ஃபோன் செய்து, அந்த மெஷினை எனக்கென்று சொல்லி வையுங்கள் என்றேன். எதற்கு விற்கிறார்களாம் என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"பையனுக்கு ரெண்டாங் கல்யாணமாம்மா. பொண்ணு வீட்டுலருந்து புது மெஷின் வருதாம். எப்ப வேணா வந்து பாக்கச் சொன்னாங்க. இருபத்தொம்பதாந் தேதி ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம்னாங்க. அன்னிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீடு பாக்க வர்றாங்களாம்."

"எனக்கு அன்னிக்குத்தானுங்க பாய் லீவு. வெள்ளெனப் போயிட்டு அவங்க வர்றதுக்குள்ள வந்துரலாமுங்க."

லீவு எல்லா ஞாயிறும்தான். பாய்க்கு அது தெரியாது. அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். பூனை இன்று இரண்டு டீ குடித்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஜெசிந்தாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"வேணாங்கக்கா. வேற மெஷினா கிடைக்காது? அந்த ஆளு முன்னாடி போயி நிக்கணுமா நீங்க?"

"நின்னா என்ன? முழுங்கிருவாரா?"

அவள் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் போர்வையைப் பிழிந்து கொடுத்தாள். சில பேருக்கு அடுத்தவர் ஜெயிப்பதைப் பார்க்கத் தைரியம் இருப்பதில்லை.

ஜூன் 28, சனி

நாளைக்கு அரக்குப் பட்டு கட்டலாமா என்று எடுத்துப் பார்த்தேன். மெஷின் வாங்கப் போகிறவள் பட்டு கட்ட மாட்டாள். சாதாரணப் பூனம் சேலை போதும். காசைத் தனிக் கவரில் போட்டு வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வெள்ளென என்று சொன்னவள் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். பாய் இரண்டு தடவை ஃபோன் அடித்தார். தலை வலிக்கிறது, இதோ வருகிறேன் என்றேன். ஒரு வாளியில் ஈரப் பெட்ஷீட் போட்டு எடுத்துக்கொண்டேன்.

டெம்போ போய் நின்றபோது வாசலில் புதுக் கோலம். துளசிமணி சிரித்த முகமாக ஓடிவந்து கேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் எங்களுக்குப் பின்னால் கார் வந்து நின்றது. பெண்ணின் அம்மா, தாய்மாமன், இன்னும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். சத்தம் போட வழியில்லை.

"யாருங்க இவங்க?" என்று தாய்மாமன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பழைய மெஷினு வாங்க வந்தவங்க" என்றார் துளசிமணி. பிறகு என் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "பின்னால போ. பாத்துட்டு சத்தமில்லாமப் போயிரு" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர். நானும் சரியென்று பின்கட்டுக்குப் போனேன். பாய் என் காதில், "என்னம்மா இது, உங்களத் தெரியுமா இவங்களுக்கு?" என்றார். "கொஞ்சம் பழக்கமுங்க" என்றேன்.

பெட்ஷீட்டைப் போட்டு, தண்ணீர் விட்டு ஓட்டினோம். நல்லபடி ஓடியது. பிழியும் சுற்றில்கூடத் தள்ளாடவில்லை, இருந்த இடத்திலேயே நின்றது. துக்கமாக இருந்தது எனக்கு, இவ்வளவு நல்ல மெஷினா என்று.

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லா அறையும் பார்த்து, கடைசியில் பின்கட்டுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம், துணி காயப்போடும் இடம் எல்லாம் பார்க்க வேண்டுமே. வந்தார்கள்.

"நல்லா ஓடுதுங்களா?" என்றார் தாய்மாமன்.

"ஓட்டம் நல்லா இருக்குதுங்க. முதுகைப் பாக்கோணும். உப்பு தின்னிருந்தா எடுக்க முடியாதுங்க. எனக்குக் கை முடியாது, ஒரு கை புடிக்கறீங்களா?"

நல்ல மனுஷன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயோடு சேர்ந்து பிடித்தார். துளசிமணி, "அதெல்லாம் எதுக்குங்க, காபி ஆறுது" என்று ஓடிவந்தார். அதற்குள் மெஷின் திரும்பிவிட்டது. மற்ற இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. வெட்டின எழுத்தில் மட்டும் துரு ஏறி, செங்காவியில் எழுதி வைத்த மாதிரி தெரிந்தது. கடைப் பையன் அன்றைக்கே சொன்னான்.

தாய்மாமன் சத்தமாகப் படித்தார். "செ.ரேணுகாதேவி, சென்னிமலை. யாருங்க இது?"

"நாந்தானுங்க. இந்த வீட்டு மருமகளா இருந்தேன். இது எங்க அப்பா எனக்குக் கொடுத்த சீருங்க."

தாய்மாமன் துளசிமணியைப் பார்த்தார். "மொதல் சம்சாரம் கட்டின சேலையோட வந்து, இருந்ததையெல்லாம் சுருட்டிட்டு ஓடிப்போச்சுன்னீங்களே."

நான் கவரை எடுத்துத் துளசிமணி முன்னால் நீட்டினேன். இதற்காகத்தான் இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் கிடந்தேன். "எம் பொருளுக்கு என்ன வெலைங்க அத்தை? சொல்லுங்க, கொடுத்துட்டு எடுத்துக்கறேன்."

அவர் வாங்கவில்லை. அப்போது யோகராஜ் உள்ளேயிருந்து வந்தார். புதுச் சட்டை. எப்போதும் போலவே மெதுவான குரல். "ரேணு, போதும். வா, வெளிய போய்ப் பேசிக்கலாம்" என்று கையை நீட்டினார். எனக்குக் கால் தடுக்கிப் பின்னால் போய் மெஷினில் இடித்துக்கொண்டேன். தரை ஈரம். வேறொன்றுமில்லை.

"அவங்க பொருளை ஏத்தி உடுங்க மாப்ளே" என்றார் தாய்மாமன். மாப்ளே என்ற சொல்லில் மரியாதையே இல்லை. யோகராஜ் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். புதுச் சட்டையில் அழுக்குத் தண்ணீர் வழிய அவரே தூக்கிக்கொண்டுவந்து டெம்போவில் ஏற்றினார். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்று ஆசை தீரப் பார்த்தேன்.

மெஷினை ஏற்றுவதை எல்லாரும் பார்க்க, பெண்ணின் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்ப்பது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஜெசிந்தா இன்று கிளம்பிவிட்டாள். மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். "ஜெயிச்சுட்டீங்கக்கா" என்றாள். போகும்போது என் வலது கையைப் பிடித்து, வலிக்காத மாதிரி அமுக்கிவிட்டுப் போனாள்.

குழாய் பொருத்த வந்த சிராஜ் பாய் முகம் கொடுக்கவில்லை. "எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்மா. எந் தொழிலுக்கே நாலு வீட்டுல நம்பி உள்ள உடறதுதான் மொதல்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டேனே தவிர, மறுபடி வாய்த்தால் மறுபடியும் செய்வேன். கிளம்பும்போது சொன்னார்: "அந்தப் பொண்ணோட அம்மா உங்க நம்பர் கேட்டாங்க. கொடுக்கட்டுமா?"

திட்டத்தான் கேட்கிறார், திட்டட்டும் என்று கொடுக்கச் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

அம்மா பேசவில்லை. பெண்ணே பேசினாள். மிருதுளா என்று பேர் சொன்னாள். நான் முந்திக்கொண்டேன். மெஷினில் பேர் வெட்டியிருந்ததை அம்மா சொன்னார்களா, சீர்ப் பொருளை எப்படி அமுக்கினார்கள் தெரியுமா என்று மூச்சுவிடாமல் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அம்மா அந்தப் பேரைப் பெருசா எடுத்துக்கலீங்கக்கா. சீர் விசயத்துல எல்லா வீட்டுலயும் சண்டைதான்னு மாமாவே சமாதானமாயிட்டாங்க. ஆவணியில நாள் பாக்கலாங்கறாங்க."

அவ்வளவு பாடுபட்டு நான் காட்டியது ஒன்றுமில்லாமல் போயிற்றா?

"அவரு கையை நீட்டினப்ப நீங்க பின்னால போனீங்களாம். அதைத்தான் அம்மா பாத்தாங்க. வீட்டுக்கு வந்ததுலருந்து அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. உங்க கை எப்படிங்கக்கா ஆச்சு?"

பாத்ரூம் என்றுதான் வாயில் வந்தது. இரண்டு வருடமாக எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன், மறந்தால் மாடிப்படி. நான் மட்டுமே படிக்கிற இந்த நோட்டில்கூட அப்படித்தான் எழுதியிருக்கிறேன். யாருக்குப் பயந்தேனோ தெரியவில்லை. கட்டுப் போட்ட டாக்டர்கூட, விழுந்தால் இப்படி முறியாதே என்றார். அவரிடமும் விழுந்தேன் என்றே சாதித்தேன்.

"அவரோட வெள்ளைச் சட்டையில எஞ் சிவப்பு ரவிக்கைச் சாயம் ஏறிருச்சுங்க" என்றேன். "ரெண்டையும் ஒண்ணா மெஷின்ல போட்டுட்டேன். அதுக்கு. சத்தமே போடலீங்க அவரு. எங் கையைப் புடிச்சு முறுக்கினாரு. துணி புழியற மாதிரி. நான் கத்தினேன். அத்தை அடுத்த ரூம்ல டிவி பாத்துட்டிருந்தாங்க. எந்திரிச்சு வரலீங்க. டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாங்க."

"அதுக்கு முன்னாலயும் உண்டுங்களா?" என்றாள்.

"உண்டுங்க கண்ணு."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், பழி வாங்கியவள் மாதிரியே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் போர்வை, பெட்ஷீட், பூனம் சேலை எல்லாவற்றையும் மெஷினில் போட்டேன். கடைசிச் சுற்று ஆரம்பிக்கிற நேரத்துக்குத் துளசிமணியிடமிருந்து ஃபோன் வந்தது. பெண் வீட்டில் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். பெண் தன் வாயாலேயே மாமனிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம்.

"எங் குடியக் கெடுத்துட்டியேடி. எம் பையன் சாப்புடாமக் கெடக்கறான். உனக்கு என்னடி கெடச்சுது இதுல? ஒரு பொம்பளையா நீ? எனக்குப் பதில் சொல்லு."

பாவம் என்று நெஞ்சில் எங்காவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். தோன்றவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பச்சையாகச் சொன்னால்.

"சொல்லுங்க அத்தை, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றேன். ஃபோனை அணைக்காமல் மெஷின் மூடியின் மேல் வைத்தேன். மெஷின் உறுமிக்கொண்டு வேகம் பிடித்தது. அவர் குரல் அதில் கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சென்று கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் வாசலுக்குப் போய்க் கொடியைத் துடைத்தேன்.

திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது, ஃபோனும் அணைந்திருந்தது. மூடியைத் திறந்தேன். போர்வை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து கிடந்தது. இடது கையாலேயே தூக்க முடிந்தது.